50 கிலோமீட்டர் போய் கேன்சருக்கு கரண்ட் (கதிர்வீச்சு) வச்சுட்டு வாறவுகளுக்காக

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி எம்.எல்.ஏ அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, வணக்கம்.

நமக்கு பாவூர்சத்திரத்துலருந்து உள்ள தள்ளி ஒரு ஊரு. எங்க சித்தி பீடி சுத்துறவ. தீட்டு நின்னு நாலு வருஷம் கழிச்சு மறுபடி ரத்தம் பட்டிருக்கு, உடம்புச் சூடுன்னு நெனச்சு வெந்தயத்த ஊறப்போட்டு குடிச்சுக்கிட்டே எட்டு மாசத்த ஓட்டிட்டா, யார்ட்டயும் வாயத் தொறக்கல. கடைசில பாத்தா கர்ப்பப்பை வாய்ல கேன்சர். 25 நாள் கரண்ட் வைக்கணும், வாரம் ஒரு ஊசி மருந்து, பொறவு உள்ள வச்சுக் குடுக்குற கரண்ட் தனி, எல்லாத்தையும் 8 வாரத்துக்குள்ள முடிச்சிரணும், இழுத்துட்டா நோய் திரும்பிரும்னு டாக்டர் தெளிவாத்தான் சொன்னாரு.

மெஷின்ல படுக்கது என்னமோ பத்து நிமிஷம்தான். அதுக்கு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு திங்கள்லருந்து வெள்ளி வரை தெனமும் மினி பஸ், அங்கருந்து நெல்லை பஸ், புது பஸ் ஸ்டாண்டுல எறங்கி டவுன் பஸ், போக 50 கிலோமீட்டர் வர 50. அடிவயித்துல கரண்ட் வச்சா ரெண்டு மூணு வாரத்துல வயித்தால போக ஆரம்பிக்கும். பஸ்ல அவசரம்னா எங்க எறங்கன்னு பயந்து சித்தி காலைல ஒரு வாய் கஞ்சி குடிக்க மாட்டா, மடியில பழைய சேலையச் சுருட்டி வச்சுக்கிட்டு ஆலங்குளம் எப்ப வரும் எப்ப வரும்னு ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டே வருவா. 17 நாள் போனா. நடுவுல கோயில் கொடை வந்து நாலு நாள் விட்டுப்போச்சு. அதுக்குப் பொறவு "என்னால ஏலாதுல, விட்ருங்க"ன்னு படுத்தவதான், போன ஐப்பசில போய்ச் சேந்துட்டா.

காப்பீட்டு கார்டு இருக்கேன்னு கேப்பிய. இருக்கு, வருஷத்துக்கு 5 லட்சம், அது இல்லன்னா 17 நாளும் போயிருக்க முடியாது, அதுக்கு நன்றி. ஆனா கார்டு பஸ் டிக்கெட் எடுக்காது. டவுன் பஸ்லதான் பொம்பளையளுக்கு ஃப்ரீ, தென்காசி நெல்லை பஸ்ல கூட போற ஆளுக்கும் சேத்து காசு. அன்னைக்கு சுத்தாத பீடிக்கு கூலியும் கெடையாது.

மெட்ராஸ் அடையார்ல 1954லயே கேன்சர் ஆஸ்பத்திரி வந்துட்டு, திருவனந்தபுரத்துல 1981ல. நம்ம சனத்துல பல பேரு இன்னிக்கும் ஒண்ணு ராத்திரி ரயிலேறி மெட்ராஸ், இல்லன்னா மலையத் தாண்டி அங்க. தென்காசி தனி ஜில்லா ஆகி (2019) இத்தன வருஷத்துல ஒரு மெடிக்கல் காலேஜ் கூட வரல. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐ.சி.எம்.ஆர் 2020ல போட்ட ரிப்போர்ட்ட பாத்தா நாட்டுலயே ஆம்பளையளுக்கு கேன்சர் ஜாஸ்தி மிசோரம் ஐஸ்வால்ல, வருஷம் லட்சம் பேருல 269 பேருக்கு. நமக்கு அந்த அளவு இல்ல, சந்தோசம்தான், ஆனா எங்க ஜாஸ்தி வருதுங்கது ஒரு கணக்கு, வந்தவன் எங்க பொழைக்காங்கது வேற கணக்கு. அந்தப் பக்கமே அசாம்ல 2022 ஏப்ரல்ல ஒரே நாள்ல ஏழு கேன்சர் ஆஸ்பத்திரி தொறந்தாவ, அரசும் டாட்டா ட்ரஸ்டும் சேந்து, திப்ருகர், தேஜ்பூர், ஜோர்ஹாட்னு ஊர் ஊரா. கவுஹாத்தியில ஒண்ணப் பெருசா கட்டிட்டு எல்லாரும் இங்க வாங்கன்னு சொல்லல.

ஏழு கேக்கல. தென்காசிக்கு ஒண்ணு, அது வாற வரைக்கும் பாளையங்கோட்டைல கரண்ட் வைக்க வாறவுகளும் கூட ஒரு ஆளும் திங்கள்லருந்து வெள்ளி வரை தங்க ஒரு எடம். பாயி, கக்கூஸ், ரசஞ்சோறு போதும். சித்திக்கு அது இருந்திருந்தா 25 நாளும் முடிச்சிருப்பா, இத நான் சும்மா சொல்லல.

இன்னொண்ணு, இது பெரிய செலவு இல்லாதது. திண்டுக்கல் ஜில்லா கிராமங்கள்ல 2000லருந்து ஒரு ஆராய்ச்சி பண்ணுனாவ, 30லருந்து 59 வயசு பொம்பளையளுக்கு ஒரே ஒரு தடவ கர்ப்பப்பை வாய்ல அசிட்டிக் ஆசிட் தடவி, வினிகர்ல இருக்கே அதேதான், ஒரு நிமிஷம் கழிச்சு வெள்ளையாத் தெரியுதான்னு பாத்து, தெரிஞ்சவுகளுக்கு வைத்தியம் பண்ணுனாவ. அந்த கேன்சர் சாவு 35 சதவீதம் கொறஞ்சுதுன்னு 2007ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. இப்ப இந்த டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இருக்கு. ஆனா பீடி சுத்துறவ ஒரு நாள் கூலிய விட்டுட்டு, நல்லா இருக்க உடம்போட அங்க எதுக்குப் போவா?

அவ தவறாம போற எடம் பீடிக்கடை. இலையும் தூளும் வாங்க, கட்டு குடுக்க. முக்கூடல், ஆலங்குளம், கடையநல்லூர், மேலப்பாளையம் எங்கயும் இதே கததான். நர்சம்மாவ அங்க அனுப்புங்க, பக்கத்துல பால்வாடில ஒரு ரூமக் கதவச் சாத்தி குடுத்தா போதும். எங்க ஊர்க் கடைல காலைல பத்து மணிக்கு கட்டு எண்ண ஆரம்பிப்பாவ. தேதிய மட்டும் சொல்லுங்க, எங்க தெரு பொம்பளையளக் கூட்டிட்டு வாறது என் பொறுப்பு, எங்க அம்மாதான் மொதல்ல.