குடும்பத்தோடு கடலுக்குப் போக டிராலர் நல்லது. பழைய மீன்பிடிப் படகு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாய்ப்படகில் குடும்பத்தோடு கடல் உலா போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். நல்ல கட்டுரைதான். ஆனால், காற்று இருக்கும்போது எஞ்சின் எதற்கு என்று அதை எழுதியவர் முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. அதைவிட, அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதம் ஒன்று என்னைக் கவலைப்பட வைத்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் பழைய விசைப்படகு மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கி மேலே ஒரு தளம் போட்டுக்கொண்டால் குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்று அவர் யோசனை சொல்லியிருந்தார். யாராவது நம்பிச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் களியக்காவிளை. நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். என் கணவர் சரக்குக் கப்பல்களில் சீஃப் எஞ்சினியராக இருந்தவர். கொச்சியில் 30 அடிப் பாய்ப்படகு ஒன்றைப் பல வருடம் வைத்திருந்தோம். பிறகு அதைக் கொடுத்துவிட்டு டிராலர் வகைப் படகுக்கு மாறினோம். டிராலர் என்றதும் குளச்சலிலும் நீண்டகரையிலும் மடி வலை இழுக்கிற மீன்பிடிப் போட்டுதான் (படகுதான்) நம் ஆட்களுக்கு நினைவுக்கு வரும். நான் சொல்வது அதே மாதிரி ஆழமான, தடித்த உடம்போடு, ஆனால் ஆட்கள் தங்கிப் பயணம் செய்வதற்கென்றே முதலிலிருந்து வடிவமைத்த படகு. அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்த ராபர்ட் பீபி இந்த வகையில் ஒரு முன்னோடி. 1963-இல் சிங்கப்பூரில் 'பாசேஜ்மேக்கர்' என்ற படகைக் கட்டி, அதிலேயே இந்தியப் பெருங்கடலைக் கடந்து கிரீஸ் வரை போனார். அவரும் பாய்ப்படகில் ஊறியவர்தான்.

நாங்கள் மாறியதற்கு முதல் காரணம் என் மாமியார். பாய்ப்படகு காற்றில் ஓடும்போது பதினைந்து, இருபது டிகிரி சாய்ந்துதான் ஓடும். அதில் தப்பொன்றும் இல்லை, அதன் இயல்பே அதுதான். ஆனால் எழுபது தாண்டிய ஒருவர், முழங்கால் வலியோடு, அந்தச் சாய்வில் செங்குத்தான ஏணியைப் பிடித்து உள்ளே இறங்கிக் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும் என்றால் எப்படி? அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். பேத்திக்கு இடுப்பில் பட்டை கட்டி, வெயிலில் ஒரே இடத்தில் உட்கார வைத்திருப்போம். டிசம்பர் மாதத்திலும் நம் கடலில் பதினொரு மணி வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் வேறு. டிராலரில் சுக்கான் பிடிப்பவருக்குக் கூரை உண்டு, முன்னால் கண்ணாடி உண்டு. சமையலறை அதே மட்டத்தில், இரண்டு படி தள்ளி இருக்கிறது. முதல் நாள் உள்ளே வந்து சன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மாமியார், "மக்ளே, இதுன்னா நான் வாறேன்" என்றார். இப்போது சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும் அவர் கையால்தான் வேகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை கேரளக் கரையோரம் காலையில் கரைக்காற்று மெல்லியதாக வீசும். பத்து மணிக்கு மேல் அதுவும் செத்துப்போகும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடல்காற்று எழும். கொச்சியிலிருந்து கொல்லத்துக்கு வரும்போது அது முதுகுக்குப் பின்னால் இருப்பதால் சுகம். திரும்பி வடக்கே போகும்போது அதே காற்று மூக்குக்கு நேரே. அப்போது பாயை இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டுத்தான் ஊர்ந்திருக்கிறோம். பாய்ப்படகுக்கு டீசல் வேண்டாம் என்று கட்டுரையில் இருந்ததைப் படித்தபோது என் கணவர் அந்தத் திரும்பும் பயணங்களைத்தான் நினைத்துக்கொண்டார்.

அப்புறம், பாய்மரம். கொல்லத்திலிருந்து கோட்டப்புரம் வரை போகிற மேற்குக் கடற்கரைக் கால்வாய் 1993-இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 168 கிலோமீட்டர். அஷ்டமுடிக் காயலும் வேம்பநாடும் அதில்தான் வருகின்றன. கடல் கொந்தளிக்கிற நாளில் குடும்பத்தோடு போக அதைவிடப் பத்திரமான வழி கிடையாது. ஆனால் வழி நெடுகப் பாலங்கள். உயர்ந்த பாய்மரத்தோடு அந்தப் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. இப்போதைய படகின் சிறிய கம்பத்தை மடக்கிவிடலாம். மீன் வலை விஷயத்திலும் இந்தப் படகுதான் மேல். எங்கள் பழைய படகின் ஏராவும் (அடிக்கட்டை) சுக்கானும் தனித்தனியாகத் தண்ணீருக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். இரவில் மிதக்கும் வலைகள் அதில் போய் மாட்டும். மாட்டினால் நமக்கு மட்டுமா நஷ்டம்? ஒரு வலைக்காரரின் பிழைப்பும் போகும். டிராலரில் ஏரா அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே நீளமாக ஓடுகிறது, புரொப்பெல்லர் அதன் மறைவில் இருக்கிறது. அதற்காக வலையைப் பார்க்காமல் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

இதற்கெல்லாம் விலை உண்டு. முதலில் டீசல். இந்த மாதிரி கனத்த படகின் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வரும். எங்கள் படகு நீர்மட்டத்தில் 36 அடி. வர்க்கமூலம் 6, ஆக 8 நாட். அந்த எட்டை எட்டிப்பிடிக்க முயன்றால் டீசல் கொட்டும். ஏழோடு நிறுத்திக்கொண்டால் மணிக்கு ஏழெட்டு லிட்டரில் முடியும். கொச்சி முதல் கொல்லம் வரை சுமார் 70 கடல் மைல். பத்து மணி நேரம், எழுபது எண்பது லிட்டர். சும்மா வீசுகிற காற்றோடு ஒப்பிட்டால் இது செலவுதான், புகைதான், மறுக்கவில்லை. அவசரம் உள்ளவர்களுக்கு இந்தப் படகு ஆகாது.

இரண்டாவது, ஆட்டம். பாயில் காற்று அழுத்திக்கொண்டிருக்கும்போது படகு ஒரு பக்கம் சாய்ந்து நிலையாக இருக்கும். டிராலர் சாயாது. ஆனால் பக்கவாட்டில் அலை வந்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருளும். அதைக் குறைக்க அடிவயிற்றில் இருபுறமும் நீண்ட துடுப்புப் பட்டைகள் வைத்திருக்கிறார்கள், பின்னால் ஒரு குட்டிப் பாயும் உண்டு. குறையும், நிற்காது. வாந்தி வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் ஒன்றே ஒன்று. அது நின்றால் குட்டிப் பாயை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. என் கணவர் புறப்படுமுன் எஞ்சின் அறையில் செய்கிற வேலைகளைப் பார்க்காமல் யாரும் இந்தப் படகை வாங்க வேண்டாம். ஆயில் பார்ப்பார், பெல்ட்டை அழுத்திப் பார்ப்பார், டீசல் ஃபில்டரின் அடிக்குடுவையில் தண்ணீர் தங்கியிருந்தால் திறந்து வடிப்பார். கடைசியாகக் கடல்நீர் வடிகட்டி. எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே வருகிற தண்ணீர் அந்தக் கூடை வழியாகத்தான் வர வேண்டும். வேம்பநாட்டில் ஒரு காலை ஓடியிருந்தால் போதும், கூடையைத் தூக்கினால் ஆகாயத்தாமரையின் கறுத்த வேர்ச் சிக்கலும் பிளாஸ்டிக் பைக் கிழிசலும் கொழகொழவென்று இருக்கும். கடலில் என்றால் சொறி, அதாவது ஜெல்லி மீன். அதை விரலால் வழித்து எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் கால் மணி நேரத்தில் எஞ்சின் சூடேறிவிடும். பாய் கட்டத் தெரிந்தவருக்கு இந்த வேலை தெரிந்திருக்கும் என்று நினைக்க முடியாது. புதிதாகப் படிக்க வேண்டும்.

இனி அந்த வாசகரின் யோசனைக்கு வருகிறேன். மீன்பிடி விசைப்படகு கெட்ட படகு அல்ல. 1950-களில் நார்வே உதவியுடன் நீண்டகரையில் எஞ்சின் படகுகள் வந்ததிலிருந்து இந்தக் கரையின் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் அது ஐஸையும் மீனையும் வயிற்றுக்குள் வைத்து ஓடுவதற்குக் கட்டிய படகு. பாரம் கீழே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. நீங்கள் கீழேயிருந்து அந்தப் பாரத்தை எடுத்துவிட்டு, மேலே தளமும் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் ஆட்களையும் ஏற்றினால் படகின் ஈர்ப்பு மையம் மேலே ஏறிவிடுகிறது. சாய்ந்தால் நிமிர்த்துகிற விசை குறைந்துவிடுகிறது. பாய்ப்படகின் ஏராவில் டன் கணக்கில் ஈயமோ இரும்போ இருக்கும், நன்றாகச் சாய்ந்தாலும் இழுத்து நிமிர்த்திவிடும். மாற்றியமைத்த போட்டில் அந்தக் காப்பும் இல்லை. இன்னொன்று, ஐஸும் மீனும் வைத்த இடத்தில் இருக்கும். ஆட்கள் இருக்க மாட்டார்கள். ஒருவர் திமிங்கிலம் என்று கை நீட்டினால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது புதிய படகு. ஆட்கள் ஒரு பக்கமாகத் திரண்டது கவிழ்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகில் உல்லாசமாகப் போன குடும்பங்களில் 22 பேர் மூழ்கினார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் மீண்டும் 22 பேர், அவர்களில் பலர் குழந்தைகள். தானூரில் கவிழ்ந்தது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு. அந்த வாசகர் சொன்னது ஏறக்குறைய இதைத்தான். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு பதறுகிறது.

எங்கள் படகை வாங்குமுன் அதற்குச் சாய்வுச் சோதனை செய்ததை நேரில் பார்த்தேன். பள்ளி ஆய்வகத்தில் செய்கிற அளவுக்கு எளிமையானது. அலையில்லாத இடத்தில் படகைத் தளர்வாகக் கட்டி, எடை தெரிந்த இரும்புக் கட்டிகளைத் தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துகிறார்கள். உள்ளே உத்திரத்திலிருந்து நீளமான நூலில் தூக்குக் குண்டு தொங்குகிறது. குண்டு ஆடாமல் இருக்க அதை எண்ணெய் வாளிக்குள் முக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டி நகரும்போதும் நூல் அளவுகோலில் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று குறிக்கிறார்கள். அதிலிருந்து ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது, எத்தனை பேரை எந்தத் தளத்தில் ஏற்றலாம் என்று கணக்கிட்டுவிடலாம். புதிதோ பழையதோ, இந்தச் சோதனையின் கணக்குத்தாளைக் காட்டாத படகில் உங்கள் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் பயணிகளை ஏற்றுவது சட்டப்படியும் வேறு சங்கதி, அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

நல்ல படகு இருந்தாலும் போகிற காலம் பார்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலை மறந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாமல் திடீரென்று கள்ளக்கடல் என்கிற பேரலை ஏறும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் பகுதிக் கடற்கரை ஊர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்க்காமல் நாங்கள் கயிற்றை அவிழ்ப்பதில்லை. அதிலும் துறைமுக வாய். தேங்காய்ப்பட்டணத்திலும் முதலப்பொழியிலும் மண் ஏறிய வாயில் அலை உடைந்து கவிழ்ந்த வள்ளங்கள் பல. வேகமான வள்ளமே தப்ப முடியாத இடத்தில் ஏழு நாட் டிராலர் அலைக்கு முன்னால் ஓடித் தப்பாது. அலை இருந்தால் உள்ளே நுழையாமல் விழிஞ்ஞத்துக்கோ குளச்சலுக்கோ போய்விடுவதுதான் வழி.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. படகின் நிலைப்புத்தன்மையைப் படித்த ஒருவரிடம் கேட்டு, சாய்வுச் சோதனை பற்றிப் படங்களோடு ஒரு பக்கம் வெளியிடுங்கள். எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1-ஆம் தேதி தடைக்காலம் தொடங்குகிறது. பழைய போட்டை விலை பேச ஆட்கள் துறைக்கு வருமுன், மே மாதத்துக்குள் அது வந்துவிட்டால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்