நெமிசிஸ் கப்பலின் அடிப்பகுதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த அபினிப் போர் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை, 'நெமிசிஸ்' என்ற நீராவிக் கப்பலைப் பிரிட்டிஷ் அரச கடற்படையின் மரக்கப்பல் என்று குறிப்பிட்டிருந்தது. இரண்டுமே பிழை. 1839இல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் நகரில் லேர்டு கப்பல் பட்டறையில் கட்டப்பட்ட அதன் உடல் இரும்பு. கட்டச் சொன்னது கிழக்கிந்தியக் கம்பெனியின் இரகசியக் குழு. கம்பெனியின் வருவாய் நம் மண்ணிலிருந்து போனது என்பதால், யாருடைய கப்பல் என்ற கேள்வியைச் சிறியதென்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

பீரங்கிகளை விரிவாக வருணித்த கட்டுரையாளர், கப்பலின் அடிப்பகுதியைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது பாம்பனில் பிறந்து வளர்ந்த எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. 184 அடி நீளமுள்ள அந்தக் கப்பல் நீரில் அமிழ்ந்தது சுமார் 6 அடிதான். எங்கள் பாக் நீரிணையின் வத்தைப் படகைப் போல அதற்கும் தட்டையான அடி. நிலையான ஏராவுக்குப் (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற கட்டைக்கு) பதிலாக, முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு மரப்பலகைகளை வைத்திருந்தார்கள். ஆழ்கடலில் காற்று பக்கவாட்டில் தள்ளாதிருக்க அவற்றைக் கீழே இறக்கி, தண்ணீர் குறைந்த இடம் வந்ததும் சங்கிலியால் மேலே இழுத்துக்கொள்வார்கள். பெரிய போர்க்கப்பல்கள் நெருங்க முடியாத ஆற்று முகத்துவாரங்களிலும் ஓடைகளிலும் 1841இல் இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் சுழல இந்தக் கப்பல் நுழைந்ததற்குக் காரணம் இதுவே. சீனர்கள் கோட்டைகளைக் கட்டியது ஆழமான வழியைக் காக்க. சேறும் திட்டுமாகக் கிடந்த வழியில் இவ்வளவு பெரிய கப்பல் வரும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

வழியில் பட்ட பாடும் சொல்லத்தக்கது. புறப்பட்ட சில நாட்களிலேயே இங்கிலாந்துக் கரையோரம் பாறையில் மோதியபோது, உள்ளே இருந்த நீர்புகாத் தடுப்பறைகளே கப்பலைக் காப்பாற்றின. 1840இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியைக் கடந்தபின் புயலில் சக்கரங்களை ஒட்டிய இரும்புத் தகடுகள் பிளந்தன. இன்றைய மொசாம்பிக் நாட்டிலுள்ள டெலகோவா விரிகுடாவில் ஒதுங்கிச் செப்பனிட்ட பிறகே, கப்பலின் தலைவரான கேப்டன் ஹால் அதனைக் கீழ்த்திசைக்குக் கொண்டுவந்தார்.

அதே 1830களில், அதே கம்பெனி ஆட்சி பாம்பன் கால்வாயில் பாறைகளை உடைத்து ஆழப்படுத்திக்கொண்டிருந்தது. இங்கே கப்பலுக்காகக் கடலைத் தோண்டினார்கள். அங்கே கடலுக்கேற்பக் கப்பலைக் கட்டினார்கள். எங்கள் பகுதி மாணவர்கள் இதை ஒருங்கே வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பிழைகள் இரண்டுக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.