விலையில்லாத பூவைப் பறித்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துன்பத்தில் மனம் தளராதிருப்பது பற்றி நாளிதழ்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. நல்ல நோக்கத்துடன்தான் எழுதுகிறார்கள். ஆனால், ‘எல்லாம் நன்மைக்கே’, ‘நல்லதையே நினை, நல்லதே நடக்கும்’ என்ற சொற்கள், தவணை கட்ட வழி தெரியாமல் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பவனின் காதில் எப்படி விழும் என்பதை நான் அறிவேன். எனவே, நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது பற்றி என் அனுபவத்தில் கண்டதை எழுத விரும்புகிறேன்.

திருமங்கலம் வட்டத்தில் ஒரு ஏக்கரில் மல்லிகை போட்டிருக்கிறேன். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் பெருமை ஊரறிந்தது. அதன் விலை படுத்தும் பாடு பயிர் வைத்தவருக்குத்தான் தெரியும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்து கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும்போது எங்கள் செடியில் பூ இருக்காது. பங்குனி, சித்திரையில் செடி கொள்ளாமல் பூக்கும்போது 200 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவர்கள்தாம் நாங்கள். 2020 சித்திரையில் நேர்ந்ததோ எவரும் பழகியிராத ஒன்று. கொரோனா ஊரடங்கினால் கோயில்கள் அடைபட்டன, கல்யாணங்கள் தள்ளிப்போயின, கள்ளழகர் வைகையில் இறங்கும் வைபவமே நடக்கவில்லை. செடி மட்டும் எப்போதும்போல் பூத்துக்கொண்டிருந்தது. சொட்டுநீர்க் குழாய் போட வங்கியில் வாங்கிய கடனும், பூக்கடைக்காரரிடம் வாங்கிய முன்பணமும் தலைக்கு மேல் நின்ற நிலையில், நான் தோட்டத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன்.

எழுபதைத் தாண்டிய என் தாயார் நிறுத்தவில்லை. விடியுமுன்னே நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, மடியில் துணிப்பையோடு கிளம்பிவிடுவார். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பறித்த அரும்புகளை வாய்க்கால் ஓரத்துக் குப்பைக்குழியில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வெளேரென்று கிடந்த அந்தக் குவியலைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. யாருக்காக இதைப் பறிக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. “விலை பூவுக்குத்தானப்பா இல்ல, செடிக்கு என்ன வந்துச்சு? இப்படியே விட்டா புழு வைக்கும். அடுத்த அரும்பு வர வேணாமா?” என்றார்.

அவர் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. விலை வரும் என்றோ, நோய் போகும் என்றோ, கடவுள் பார்த்துக்கொள்வார் என்றோ சொல்லவில்லை. மறுநாள் நானும் ஒரு பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். வேலை செய்த உடம்புக்கு அன்றிரவு தூக்கம் வந்தது. தூங்கி எழுந்த தலைக்குத்தான், வங்கிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று தோன்றியது. போன பிறகுதான், கடன் தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி மார்ச் மாதமே வழி செய்திருந்தது எனக்குத் தெரிந்தது. முதலில் மூன்று மாதத்துக்கு என்றிருந்த அந்தச் சலுகை பிறகு ஆகஸ்ட் வரை நீண்டது. வட்டி ஏறத்தான் செய்தது. இருந்தாலும் மூச்சுவிட இடம் கிடைத்தது. நம்பிக்கை இழந்து வீட்டில் படுத்திருந்த நாட்களிலும் அந்தச் சலுகை இருந்தது, நான்தான் போய்க் கேட்கவில்லை என்பதை இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது.

மதுரைக்காரர்களுக்குக் கண் மருத்துவர் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களை நினைவூட்ட வேண்டியதில்லை. ராணுவ மருத்துவராக இருந்தவரை முப்பது வயதுவாக்கில் கடுமையான முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. பேனாவைக்கூடப் பிடிக்க முடியாதபடி விரல்கள் கோணிப்போயின. பேறுகால மருத்துவராகும் ஆசையைக் கைவிட்டு, அவர் கண் மருத்துவம் படித்தார். விரல் நேராகட்டும் என்று காத்திராமல், அந்தக் கோணல் விரல்களையே அறுவைக் கத்தி பிடிக்கப் பழக்கி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். 1976-இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 58 வயதில், 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த மருத்துவமனையின் வளர்ச்சியைவிட, வளைந்த விரலால் முதன்முதலில் கத்தியைப் பிடித்துப் பார்த்திருப்பாரே, அந்த நாளிடம்தான் போய் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னால் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போக முடிந்தது. வாரக்கணக்கில் தூக்கமின்றி, சோறு இறங்காமல், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்து வந்து போகிற ஒருவருக்கு அதுவும் முடியாது. அவரிடம் தைரியமாக இரு என்பது, காய்ச்சலில் கிடப்பவரை ஓடச் சொல்வது போன்றது. அந்த மனநிலை சிகிச்சை பார்க்க வேண்டிய நோய். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 104 என்ற எண்ணிலும், 2022 முதல் செயல்படும் 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். எங்கள் கிராமத்தில் இந்த எண்களை அறிந்தவர்கள் மிகச் சிலரே. கடன் தொல்லையால் நேர்ந்த மரணங்களைப் பற்றிய செய்திகளோடு மட்டுமன்றி, பூ விலை, நெல் விலை போடும் பக்கத்திலும் இவற்றைத் தினமும் அச்சிட்டால், எங்களைப் போன்றவர்கள் கண்ணில் தவறாமல் படும்.

தங்களிடம் மேலும் ஒரு வேண்டுகோள். விலை வீழ்ந்து பூவைக் குப்பையில் கொட்டும்போது நிருபர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆறு மாதம் கழித்து அதே தோட்டத்துக்கு மீண்டும் ஒருமுறை அவர்களை அனுப்புங்கள். யார் எழுந்தார்கள், எந்த அலுவலகத்தில் எதைக் கேட்டுப் பெற்றார்கள், ஊடுபயிராக எதைப் போட்டார்கள், யார் கைகொடுத்தார்கள் என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். எழ முடியாமல் போனவர்களைப் பற்றியும் மறைக்காமல் எழுதட்டும். அடுத்த முறை விலை விழும்போது எங்களுக்குத் தேவைப்படுவது அந்த விவரங்கள்தாம்.

கார்த்திகைக் கடைசியில் கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து, எங்கள் செடிகள் இப்போது முழங்கால் உயரத்தில் மொட்டைக் குச்சிகளாக நிற்கின்றன. பங்குனியில் பூ வந்துவிடும். நிருபர் அப்போது வந்தாலும் சரி, இந்தக் குச்சிகளைப் பார்க்க இப்போதே வந்தாலும் சரி; வரப்பில் கூட்டிப்போய்க் காட்ட அம்மா இருக்கிறார்.

இப்படிக்கு,
மல்லிகை விவசாயி ஒருவர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.