பெட்டியில் 5.3, லேப்டாப்பில் எல்இ ஆடியோ இல்லை

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: புது லேப்டாப்பில் எல்இ ஆடியோ (ப்ளூடூத்தில் ஒலி அனுப்பும் புது முறை) வசதி இல்லாதது குறித்து

ஐயா,

வணக்கம். போன மாதம் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் உங்கள் லேப்டாப்பை 68,000 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டி மேல் 'ப்ளூடூத் 5.3' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. "எல்இ ஆடியோ இயர்பட்ஸ் எல்லாம் இதுல தாராளமா எடுக்குங்க" என்றார் கடைத் தம்பி. அதை நம்பி அங்கேயே இயர்பட்ஸும் வாங்கினேன்.

பாட்டுக் கேட்க அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஐரோப்பிய பையரோடு (எங்களிடம் துணி வாங்குபவர்) தினமும் வீடியோ காலில் பேச வேண்டும். பக்கத்திலேயே ஓவர்லாக் மெஷின் ஓடும். பழைய ப்ளூடூத்தில் கேட்பதற்கு ஒரு வழி, மைக்கோடு பேசுவதற்கு வேறொரு வழி. மைக்கைத் திறந்ததும் ஸ்டீரியோ போய், தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். ஒருமுறை அவர் 'தர்ட்டீன்' என்றது என் காதில் 'தர்ட்டி' என்று விழுந்து, 13 சாம்பிளுக்கு 30 தைத்துவிட்டோம். முதலாளி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். எல்இ ஆடியோவில் மைக் ஓடும்போதும் குரல் தெளிவாக இருக்கும் என்றுதான் இவ்வளவு செலவு செய்தேன்.

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், அதற்குள் டிவைசஸ் வரை போய்ப் பார்த்தேன். 'யூஸ் எல்இ ஆடியோ வென் அவைலபிள்' என்ற சுவிட்ச் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. விண்டோஸ் பழசு என்று சொல்லிவிடாதீர்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பு முதலே இந்த வசதி உண்டு, என்னுடையது அதற்குப் பிந்திய 24எச்2.

உங்கள் சர்வீஸ் சென்டரில் முதலில் அப்டேட் போடச் சொன்னார்கள். அப்புறம் ஃபார்மேட் செய்தார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் இரண்டு நாள் லேப்டாப் இல்லாமல் திண்டாடினேன். கடைசியில் இயர்பட்ஸ்தான் கோளாறு என்றார்கள். அதே இயர்பட்ஸ் என் நண்பரின் போனில் எல்இ ஆடியோவில் அருமையாக ஓடுகிறது. மூன்றாவது முறை போனபோதுதான் ஒரு சீனியர் இன்ஜினியர் விஷயத்தைச் சொன்னார்: ப்ளூடூத் டிரைவர், ஆடியோ டிரைவர் (அந்தப் பாகங்களை இயக்கும் சாஃப்ட்வேர்) இரண்டும் இதற்கு ஒத்துழைக்க வேண்டுமாம், இந்த மாடலுக்கு அப்படி டிரைவர் வரவில்லையாம்.

டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத்தின் எல்எம்பி எண் (எந்தப் பதிப்பு என்று காட்டும் எண்) 12 என்று காட்டுகிறது. அதாவது 5.3தான்; நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்இ ஆடியோவுக்கு அடித்தளம் 5.2இல் வந்தாலும் அது கட்டாயம் இல்லை, விரும்பினால் சேர்க்கலாம் என்பது எனக்கு எப்படித் தெரியும்? 30ஆம் கவுண்ட் நூல் என்று மட்டும் சொல்லி, கோம்டா கார்டடா என்று ரகத்தைச் சொல்லாமல் விற்றால் எங்கள் ஊரில் ஒருவரும் எடுக்க மாட்டார்கள்.

டிரைவர் எப்போது வரும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். வராது என்றால் லேப்டாப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். இந்த மாடலின் விவரப் பக்கத்தில் 'எல்இ ஆடியோ உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரு வரியும் சேருங்கள். அடுத்தவராவது அலையாமல் இருக்கட்டும்.

பில் நகலும் செட்டிங்ஸ் திரையின் படமும் இணைத்துள்ளேன். போனில் பேசுவதென்றால் மதியத்துக்குள் கூப்பிடுங்கள். அதற்கப்புறம் பையர் லைனில் இருப்பார். அவர் சொல்வதே எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
திருப்பூர் வாடிக்கையாளர்