பத்து மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நிமிடம்: மட்டக்களப்பு மாவட்ட முன்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

பத்து மணிச் சாப்பாடு முடிந்து கை கழுவ வரும் பிள்ளைகளை இன்னும் இரண்டு நிமிடம் நிறுத்திப் பல் தீட்ட வையுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

ஆவணியில் கிணறு வற்றும் வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் இதற்குத் தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். பல் தீட்டியதும் நுரையைத் துப்பினால் போதும். வாய் கொப்பளிக்கவே கூடாது. பசையிலுள்ள புளோரைட்டு பல்லின் மேல் தங்கி நின்றால்தான், பல்லின் வெளிப்புறப் படலமான மிளிரியில் (எனாமலில்) அமிலம் கரைத்த இடம் மீண்டும் இறுகும். ஒரு கோப்பைத் தண்ணீரால் அலசிவிட்டால் பசைக்குக் கொடுத்த காசும் அதோடு போய்விடும். துப்புவதற்கு ஒரு பேசினும், பிரஷ் கழுவ ஒரு ஜக் தண்ணீரும் இருந்தால் வேலை நடக்கும்.

பசை வாங்கும்போது பெட்டியில் 1000 பிபிஎம் (ppm, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) அல்லது அதற்கு மேல் புளோரைட்டு என்று இருக்கிறதா பாருங்கள். சிறுவர் பசைகள் சிலவற்றில் 500தான் இருக்கும், சிலவற்றில் புளோரைட்டே இராது. படமும் பழ வாசனையும் பார்த்து ஏமாற வேண்டாம். 3 வயது தாண்டிய பிள்ளைக்கு ஒரு பட்டாணி அளவு, அதாவது கால் கிராம். அதற்குக் குறைந்த வயதென்றால் ஓர் அரிசிமணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க நீட்டினால் பிள்ளை அதை விழுங்கும். வளரும் வயதில் நாளாந்தம் அப்படி விழுங்கினால் பின்னால் முளைக்கும் நிரந்தரப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழலாம். 25 பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 6 கிராம் அளவில் செலவாகும். 20 பள்ளி நாட்களுக்கு 125 கிராம். பெற்றோர் சேர்ந்து வாங்கக்கூடிய அளவுதான்.

பசைக் குழாயின் வாயைப் பிரஷ்களில் தொட்டுத் தொட்டு வைக்காதீர்கள். ஒருவர் வாயிலிருப்பது குழாய் வழியே அடுத்தவருக்குப் போகும். ஒரு தட்டின் விளிம்பில் இடைவெளி விட்டுப் பொட்டுப் பொட்டாக வைத்தால், ஒவ்வொரு பிள்ளையும் தன் பொட்டைப் பிரஷால் வழித்து எடுக்கும். முடிந்ததும் எல்லாப் பிரஷையும் ஒரே வாளியில் முக்காமல், ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துளையிட்ட பலகையில் ஒன்றையொன்று தொடாமல் தலை மேலே இருக்க நிறுத்தி வையுங்கள். மூடி போட்டால் ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். ஈ, பல்லிக்குப் பயமென்றால் மேலே நுளம்புவலைத் துணி போதும். மூன்று வயதில் பெயர் வாசிக்கத் தெரியாது, ஆகவே பிரஷில் மீன், குடை, கிளி என்று படம் ஒட்டுங்கள். நார்கள் விரிந்ததும், விரியாவிட்டாலும் 3 மாதத்தில், பிரஷை மாற்றுங்கள். புளிப்பான மாங்காயோ தோடம்பழமோ சாப்பிட்ட நாளில் அரை மணி நேரம் விட்டுத் தீட்டுவது நல்லது.

7, 8 வயது வரை பிள்ளையின் கை கடைவாய்க்கு எட்டாது. முன்பல்லை மட்டும் தேய்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லும். பிள்ளைக்குப் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்து, நாடியை இடக்கையால் தாங்கிக்கொள்ளுங்கள். மென்மையான பிரஷை முரசும் பல்லும் சேரும் இடத்தில் சற்றுச் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசையுங்கள். எல்லாரையும் தினமும் இப்படிச் செய்ய உங்களால் முடியாது. ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று முறை வைத்தால் வாரத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

அதே ஐந்து பேரின் மேலுதட்டையும் தூக்கிப் பாருங்கள். முன்பற்களைத் துணியால் ஒற்றி உலர்த்தினால், முரசை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு சில பிள்ளைகளுக்குத் தெரியும். ஈரமாக இருக்கும்போது அது கண்ணுக்குப் படாது. சூத்தையின் தொடக்கம் இதுதான். இந்தக் கட்டத்தில் புளோரைட்டும் சீனிக் குறைப்பும் அதைத் திருப்பிவிடும். கோடு கபிலமாகிக் குழி விழுந்துவிட்டால் பல் வைத்தியரிடம்தான் போக வேண்டும். பெரும்பாலும் இது படுக்கையில் பால் போத்தலோடு தூங்கும் பிள்ளைகளுக்கு வருவது. தாயைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மற்றத் தாய்மாருக்கு முன்னால் வேண்டாம்.

பெற்றோர் கூட்டத்தில் இன்னும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். உங்களிடம் தீட்டுவது இரவில் வீட்டில் தீட்டுவதற்கு ஈடாகாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் படுக்குமுன் தீட்டாத வாய்தான் அதிகம் கெடும். உமிக்கரி, செங்கல்தூள் இரண்டும் மிளிரியை அராவி முரசோரம் கூச்சத்தைக் கொண்டுவரும்.

மற்றது, 6 வயதை ஒட்டி வரும் கடைவாய்ப்பல். பாற்பல் எதுவும் விழாமலே வரிசையின் கடைசியில் அது முளைப்பதால், பெற்றோர் அதையும் பாற்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் வேறொன்று முளைக்காது. முழுதாக வெளிவரும் வரை மற்றப் பற்களைவிடத் தாழ்ந்திருக்கும், நேராக ஓடும் பிரஷ் அதன் மேல் படாமலே போய்விடும். கன்னப் பக்கத்திலிருந்து பிரஷைக் குறுக்கே நுழைத்துத் தனியாகத் தீட்ட வேண்டும்.

பாற்பல்தானே, விழட்டும் என்று பல்லில் குழி விழுந்த பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களிடம், கடைவாய்ப் பாற்பல் 10, 11 வயது வரை இருக்க வேண்டியது, முன்கூட்டியே பிடுங்கினால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் நெருங்கும் என்று சொல்லி அனுப்புங்கள். அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவிலும் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலும் காசு வாங்குவதில்லை. வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பில் சிறுவர் பற்சுகாதாரப் பணியில் இருப்போர்