நைட் டூட்டியில் எனக்குப் பாடம் எடுத்தவர்களுக்கு

எங்கள் வார்டு அக்காக்களுக்கும் அண்ணனுக்கும்,

மூன்று வருடம் உங்களோடு நின்றுவிட்டு அடுத்த வாரம் ஐசியூவுக்குப் போகிறேன். அன்றைக்கு எல்லோரும் ஏதாவது பேசச் சொன்னபோது அழுகைதான் வந்தது, அதனால் சொல்ல நினைத்ததை இங்கே பொதுவிலேயே எழுதுகிறேன்.

பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்பது படிக்கும்போதே தெரியும். நாம் எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார், அதனால் நாடி பிடித்த கையை விடாமல் அப்படியே நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் முழுசா எண்ணு என்று ஹேண்ட் ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) முடிந்து பையை எடுக்கும்போது போகிறபோக்கில் சொன்னீர்கள் அக்கா. இரண்டு வாரம் கழித்து ஒருவருக்கு பிபி, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எல்லாம் சரியாக இருந்தும் மூச்சு மட்டும் 28 வந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். உங்களால்தான்.

நரம்பைக் கண்ணால் தேடாதே, விரலால் தேடு. வயதானவர்களுக்கு நரம்பு நழுவும், தோலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு கேனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போடு. பருத்த கைக்குச் சின்ன கஃப் (பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) கட்டினால் பிபி கூடுதலாகக் காட்டும். எல்லாமே டிராலி அடுக்கும்போது பேசிய பேச்சு. அண்ணன் மட்டும் ஒவ்வொரு முறையும், "நான் சொன்னேன்னு செய்யாதே, புரோட்டோகாலை எடுத்துப் பார்த்துட்டுச் செய்" என்பார். அதற்குத் தனி நன்றி அண்ணா.

ஆனால் நான் அதிகம் கடன்பட்டிருப்பது அந்த ராத்திரி மூன்று மணிப் பேச்சுக்கு. பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாக ஐவியில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்று பரீட்சையில் எழுதியவள்தான் நான். நீங்கள் அக்கா, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் வேறு மருந்து என்று நினைத்து அந்தப் பொட்டாசியம் ஆம்பியூலை (மருந்துள்ள சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சில் ஏற்றிவிட்டதையும், பக்கத்தில் நின்றவர் "லேபிளைச் சத்தமாகப் படி" என்றதால் தப்பியதையும் சொன்னீர்கள். யாரும் கேட்கவில்லை, இத்தனை சீனியர் நீங்கள், மறைத்திருக்கலாம். அன்றிலிருந்து எந்த ஆம்பியூலையும் வாய்விட்டுப் படிக்காமல் நான் உடைத்ததில்லை.

அடுத்த மாதம் ஒருவருக்கு ஆன்டிபயாடிக் ஒரு டோஸைத் தவறவிட்டபோது நேராக உங்களிடம் ஓடிவர முடிந்ததும் அதனால்தான். நீங்கள் திட்டவில்லை. "முதல்ல நோயாளியைப் பார்ப்போம், அப்புறம் டாக்டர்கிட்ட சொல்லுவோம், அப்புறம் ரிப்போர்ட் எழுதுவோம்" என்று கூடவே வந்தீர்கள்.

தொடக்கநிலையிலிருந்து நிபுணர் வரை நர்ஸுக்கு 5 படிகள் என்று அமெரிக்க நர்சிங் அறிஞர் பட்ரீஷியா பென்னர் 1984இல் எழுதியதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருக்கிறேன். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு எப்படி ஏறுவது என்பது உங்கள் பக்கத்தில் நின்ற பிறகுதான் புரிந்தது.

திங்கட்கிழமை புதிதாக இரண்டு பேர் வருகிறார்கள். அந்தப் பொட்டாசியம் கதையை அவர்களுக்கும் சொல்லுங்கள் அக்கா, முதல் வாரத்திலேயே.

உங்கள் தங்கை