படத்தில் இருப்பது சைபரிஸ் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் இத்தாலியில் கிரேக்கர் நிறுவிய சைபரிஸ் நகரைப் பற்றிச் சென்ற இதழில் கட்டுரை வந்தது மகிழ்ச்சி. ஆனால் அதனுடன் அச்சிட்டிருந்த அரைவட்ட அரங்கு சைபரிஸுடையது அல்ல, ரோமானியர் கி.மு. 193இல் அமைத்த கோப்பியாவினுடையது. பார்கோ தெல் கவல்லோ என்ற அந்தத் தளத்தில் மூன்று நகரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடியில், அக்கேயர் என்ற கிரேக்கப் பிரிவினர் கி.மு. 720 வாக்கில் நிறுவிய சைபரிஸ், நடுவில், கி.மு. 444-443இல் எழுந்த தூரி, மேலே கோப்பியா. பயணிகள் நடப்பது ரோமானியத் தெருவில். சைபரிஸின் வீட்டு அடித்தளங்களையும் சூளைகளையும் பார்க்க, சற்றுத் தள்ளியுள்ள ஸ்தோம்பிக்குத்தான் போக வேண்டும்.

ஆடம்பரமே நகரை அழித்தது என்கிறார் கட்டுரையாளர். அந்த ஆடம்பரக் கதைகளில் பெரும்பங்கு, நகரம் வீழ்ந்து எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கிரேக்க எழுத்தாளர் அத்தேனேயஸ் தொகுத்தவை. கி.மு. 510இல் அண்டை கிரேக்க நகரமான குரோட்டனின் படை வென்றது உண்மை. கிராத்திஸ் ஆற்றைத் திருப்பி நகரை மூழ்கடித்தார்கள் என்பது புவியியலாளர் ஸ்டிராபோவின் கூற்று. அவரும் ஐந்நூறு ஆண்டு பிந்தியவர். தூரியிலேயே குடியேறி வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், 'வறண்ட கிராத்திஸ்' அருகே ஓர் அதீனா கோயில் இருந்ததை மட்டும் குறிப்பிடுகிறார். ஆறு தடம் மாறியது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் பல மீட்டர் வண்டலை ஒரே வெள்ளம் கொண்டுவந்து கொட்டிவிடாது. கிராத்திஸும் சைபரிஸ் ஆறும் நூற்றாண்டுக் கணக்கில் மண் சேர்த்தன. சமவெளியும் மெல்லத் தாழ்ந்தது.

புதைந்த நகரைத் தேடுவது கடினமானதும் இதனால்தான். 1960களில் மிலானின் லெரிச்சி அறக்கட்டளையும் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகமும் மண்ணுக்கடியில் உள்ளவற்றைக் காந்தப்புல மாறுபாட்டால் காட்டும் காந்தமானிகளோடு வயல்களை அலசின. முதலில் பயன்படுத்திய புரோட்டான் கருவிக்கு ஆழத்துச் சுவர்கள் எட்டவில்லை. நுண்ணுணர்வு கூடிய சீசியம் கருவி வந்த பிறகே வேலை நகர்ந்தது.

சுவர் இருக்குமிடம் தெரிந்தாலும் தோண்டுவது லேசல்ல. நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் குழி உடனே நிரம்பிவிடும். குழியைச் சுற்றி, நுனியில் வடிகட்டி உள்ள குழாய்களை இறக்கி, பொதுக்குழாயில் இணைத்து, பம்பால் உறிஞ்ச வேண்டும். இம்முறை ஒரே கட்டத்தில் ஐந்தாறு மீட்டருக்குமேல் நீரை இறக்காது. வடிகட்டி சரியில்லாவிட்டால் நுண்மணலும் சேர்ந்து வெளியேறும். அடிமண் குழைந்து சுவர் சாயும். பம்பை நிறுத்தினால் நீர் பழைய மட்டத்துக்கே ஏறிவிடும்.

2013 ஜனவரியில் கிராத்தி, இன்று ஆற்றின் பெயர் இதுதான், கரையை உடைத்துத் தளம் முழுவதையும் சேற்றால் மூடியது. பம்புகளுக்குச் செலவிடுவதுபோல் ஆற்றங்கரையைப் பலப்படுத்தவும் செலவிட்டால்தான் இந்தத் தளம் தப்பும். உங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி